ஒட்டியிருந்த எடை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். அம்மா நலம். முழங்கால் வலியைப் பற்றிப் பேசாமல் இருப்பாரா, காலையிலிருந்து அதே பேச்சுதான். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நலமில்லாதவள் நான் ஒருத்திதான்.

நேற்று போனில் அழுதுகொண்டே உளறியதை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். உங்கள் பட்டறையில் அலுமினியம் உருக்கும் அந்தப் புதுப் பாத்திரம் இருக்கிறதே, அதன் இரும்புக் கலவையைச் சோதித்துச் சான்று கொடுத்தவள் நான். கலவையில் ஒரு மெல்லிய துண்டை எடைபோட்டு, உருகிய அலுமினியத்தில் ஒரு நாள் முழுக்க மூழ்கவைத்து, எடுத்து மறுபடியும் எடைபோட வேண்டும். எடை குறைந்தால் அலுமினியம் இரும்பைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். என் துண்டில் எடை குறையவே இல்லை. துள்ளிக் குதித்தேன். உனக்குத்தான் முதலில் சொன்னேன்.

எடைபோடும் முன் துண்டைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, மேலே ஒட்டிய அலுமினியத்தைக் கரைத்துவிட வேண்டும், அண்ணா. அன்று சோடா தீர்ந்திருந்தது. மறுநாள் வரட்டும் என்று பொறுக்கவில்லை. துணியால் துடைத்து அப்படியே தராசில் வைத்துவிட்டேன். போன இரும்புக்கு ஈடாக, ஒட்டிய அலுமினியம் உட்கார்ந்திருந்திருக்கிறது. படித்த முட்டாள் என்று என்னைக் கேலி செய்வாயே, நீ சும்மா சொல்லவில்லை.

வார்த்த சாமானெல்லாம் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடைகிறது என்று போன வாரம் சிரித்தாய். அலுமினியத்தில் இரும்பு கூடினால் அப்படி உடையும். பழைய துண்டைத் தேடி எடுத்துச் சோடாவில் போட்டேன். தேய்ந்த சோப்பு மாதிரி வெளியே வந்தது. ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். உங்கள் பாத்திரமோ ஒரு விரல் தடிமன். அடுப்பில் ஏறிப் பதினெட்டு நாளாகிறது. அது ஓட்டையானால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சோதனைக்கூட மேலாளர் திங்கட்கிழமை வரை வாயைத் திறக்காதே என்கிறார். உங்கள் முதலாளியோ எழுத்தில் வராமல் அடுப்பை அணைக்க மாட்டார். நீ நேற்றுச் சொன்னது காதிலேயே நிற்கிறது: “நீ ஒண்ணும் எழுதாத. உன் வேலை போயிடும். மத்தவங்கள தள்ளி நிக்கச் சொல்லிட்டு நானே பாத்துக்கறேன்.”

அதாவது, பாத்திரத்துக்குப் பக்கத்தில் நீ மட்டும் நிற்பாய். கோபம் கோபமாக வருகிறது. என் வேலைக்கு உன் உடம்பை அடகு வைக்க உனக்கு யார் சொன்னது?

உன்னிடம் மட்டும் கொடுத்தால் இந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன் முதலாளிக்கும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் துண்டையும் சேர்த்து இந்தக் கடிதம் வரும் லாரியிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது அவர் கையில் அது இருக்கும். எழுதிவிட்டதை மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். அவர் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

தயவுசெய்து, அடுப்பு அணைந்து ஆறும்வரை அந்தப் பக்கமே போகாதே. அணைந்ததும் எனக்குப் போன் செய். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வேறு யாரையும் பேசச் சொல்லாதே. நீயே கூப்பிட்டுத் திட்டு.

உன் தங்கை