உங்கள் டிரைவர் சீட்டில்

இஞ்சேருங்கோ,

என் சேலையில் கராம்பு மணக்கிறது. கல்லூரிக் காலைக் கூட்டத்தில் பக்கத்தில் நின்ற பிரதி அதிபர் மூக்கைச் சுருக்கி, எனக்குப் பல்வலியா என்று கேட்டார். இல்லையென்று சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நேற்றுப் பின்னேரம் உங்கள் சின்ன ஸ்கூல் வானின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து நீங்கள் வாயில் கராம்பைப் போட்டுக்கொண்டுதானே ஓட்டினீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சீட்டுத் துணி வாசத்தை விடவில்லை. நேற்றுக் கட்டிய சேலையையே இன்றைக்கும் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு கல்லூரி அதிபர் அப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். செய்தேன், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் கிடைத்து, கண்டி பஸ் நிலையத்தில் பெட்டியோடு திகைத்து நின்றவளைக் கல்லூரிக்கு ஏற்றி வந்தவர் நீங்கள். உங்கள் தெல்தோட்டைத் தமிழும் என் தமிழும் அன்றைக்கே முட்டிக்கொண்டன. மெதுவாக ஓட்டச் சொல்லி வழியெல்லாம் ஏசினேன். "இதவிட மெதுவா போனா வண்டி பின்னுக்குத்தான் போகும் டீச்சர்" என்றீர்கள். கலியாணத்துக்குப் பிறகும் டீச்சர்தான், நான் அதிபரான பிறகும் டீச்சர்தான். அதிபரின் புருஷன் வான் ஓட்டுகிறாரே என்று ஆட்கள் கதைத்தபோது, நான் அதிபருக்கே டிரைவர், எனக்கு மேலே பதவி உயர்வு கிடையாது என்று சொல்லி, கதைத்தவர்களையே சிரிக்க வைத்து அனுப்பினீர்கள்.

இந்த அதிபர் கதிரையில் இருப்பவளுக்குத் துணை கிடையாது. ஆசிரியர்களிடம் அழ முடியாது, பெற்றோரிடம் கோபிக்க முடியாது, வலயக் கல்வி அலுவலகத்திடம் இரண்டும் முடியாது. எனக்கு உங்கள் வான் இருந்தது. கேற்றைத் தாண்டியதும் வாயைத் திறந்தேன் என்றால் வீடு வரும்வரை மூடமாட்டேன். ஒழுகுகிற ஆய்வுகூடக் கூரை, சொல்லாமல் லீவு போட்ட ஆசிரியர், பதில் எழுதாத அதிகாரி எல்லாரையும் ஏசி முடிக்கும்போது வீட்டு வாசல் வந்திருக்கும், கோபமும் தீர்ந்திருக்கும். இப்போது ஆட்டோவில் போகிறேன். பாவம், ஆட்டோக்காரரிடம் வலயத்தைப் பற்றி எப்படி ஏசுவது? பின்னேரங்களில்தான் மனம் உங்களைக் கடுமையாகத் தேடுது.

உயர்தரப் பரீட்சைக்கான விஞ்ஞானப் பிரிவுக்காக நாம் இருவரும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பின்னேர வகுப்பு இல்லாமல் பாடத்திட்டம் முடியாது. வகுப்பு முடிய முன்பே தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனுக்கான கடைசி பஸ் போய்விடும். அந்த லயக் குடியிருப்புகளிலிருந்து வரும் மூன்று பெண் பிள்ளைகளையும் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்கியது நீங்கள். நீங்கள் போனதும் பின்னேர வகுப்பும் நின்றது. பிள்ளைகள் குறைந்தால் பிரிவை மூடிவிடலாம் என்று வலயத்திலிருந்து பேச்சு வந்தது. பிறகு ஒருநாள், மூவரில் கெட்டிக்காரியான திவ்யாவின் அப்பா வந்தார். தோட்டத்து லொறி ஓட்டுபவர். மகளைக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

"அண்ணன் ஓட்டுன காலத்துல நா வாசலுக்கு வந்துகூட பாத்ததில்லங்க டீச்சர். இப்ப மறுபடி வகுப்பு வச்சாலும் இருட்டுல எம்புள்ளய யாரு கூட்டிட்டு வருவா?"

என் வாய் உங்களுக்குத் தெரியாததா. மூளை எழும்ப முன்பே அது எழும்பிவிடும்.

"நான் ஏத்திக்கொண்டு வாறன்."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அந்த மனிதருக்கும் தெரியும், வாசலில் நின்ற சிற்றூழியருக்கும் தெரியும். நீங்கள் பழக்க வந்தபோதெல்லாம் உங்களோடு சண்டை பிடித்து இறங்கிப்போனவள் நான். லொறிக்காரர் தலையைச் சொறிந்தார். சரி, நீங்கள் லைசன்ஸ் எடுங்கள், அதுவரைக்கும் பிள்ளையை நிறுத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து விடியற்காலையில் பயிற்சிக்குப் போனேன். பழக்கிய பெடியன் என்னைக் கண்டு நடுங்கினான். பிழை விட்டது நான், மன்னிப்புக் கேட்டது அவன். முதல் தடவை பரீட்சையில் தவறினேன். அன்றைக்கு வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஏசியது உங்களுக்குக் கேட்டிருக்கும். அடுத்த தடவை லைசன்ஸை எடுத்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேர வகுப்பைத் திரும்பத் தொடங்கினேன், முதல் ஓட்டமும் நேற்றுத்தான். ஹந்தானைப் பக்கம் மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. பிள்ளைகள் மூவரும் பின் சீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தேவாரம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. முன் சீட்டில் யாரையும் ஏற விடவில்லை. அது என்னுடைய சீட். நான் இல்லாத என் சீட்டைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, நீங்கள் இல்லாத உங்கள் சீட்டில் இருந்தேன்.

பாதி மலையில், வளைவுக்கு மேலிருந்து பஸ் ஒன்று இறங்கி வந்தது. பெரிய வாகனம் வந்தால் சின்னது ஒதுங்கும். எங்கள் ஊரின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் நான் கண்டது அதுதான். பிரேக்கை அழுத்தி, ரிவேர்ஸ் போட்டு, பள்ளத்தை நோக்கி வானைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து மூன்று குரலும் ஒன்றாக "டீச்சர்!" என்றன. பஸ் அங்கேயே நின்றுவிட்டது. கண்டக்டர் குதித்து ஓடி வந்து கண்ணாடியில் தட்டினார்.

"பின்னுக்கு எடுக்காதீங்க டீச்சர். நீங்க ஏறுறவங்க. எறங்குற நாங்கதான் நிக்கணும். மலையில அதுதான் வழக்கம், வாங்க."

எத்தனை வருடம் இதே பாதையில் உங்கள் பக்கத்தில் இருந்தேன். ஏறும்போது நீங்கள் விலகாவிட்டால் திமிர் என்று ஏசினேன். இறங்கும்போது ஒரு ஆட்டோவுக்காகக்கூட ஒதுங்கி நின்றால், ஏன் இப்படிப் பயந்து சாகிறீர்கள் என்று அதற்கும் ஏசினேன். ஒருநாளாவது விளக்கம் சொன்னீர்களா? சொல்ல நான் இடம் விட்டேனா என்பது வேறு கதை. நேற்று அந்தப் பஸ் எனக்காக ஓரத்தில் நின்றபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முதலாம் கியரைப் போட்டு, கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஏறினேன்.

மேல் டிவிஷன் சந்தியில் திவ்யாவின் அப்பா குடையோடு நின்றார். பிள்ளைகள் இறங்கினார்கள். அவர் வானைச் சுற்றி வந்தார், டயரைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். பிறகு முன்னால் நின்று கையைக் காட்டிக் காட்டி, அந்த ஒடுங்கிய இடத்தில் வானைத் திருப்பித் தந்தார்.

"நாளைக்கும் இதே நேரந்தானுங்களே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். ஒரு ஏச்சும் இல்லாமல் வானை எடுத்தேன். நானே ஆச்சரியப்பட்டேன்.

இன்று காலை கூட்டம் முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன் என்றேனே, அப்போது தட்டும் சத்தம் கேட்டது. கொழுந்துக் கூடையைக் கேற்றடியில் வைத்துவிட்டு ஒரு தாய் வந்திருந்தார். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தும் பயணத்துக்குப் பயந்து வீட்டில் நிறுத்தி வைத்திருந்த மகளும் கூட நின்றாள். விஞ்ஞானப் பிரிவில் சேர்க்க வேண்டுமாம். இராத்திரி லயம் முழுக்க வான் கதைதானாம்.

"வண்டியில இன்னொரு புள்ளைக்கு எடம் இருக்குங்களா டீச்சர்?"

பின் சீட்டில் மூன்று பேரும் அவர்களுடைய பைகளும் போக இடமில்லை. மிச்சம் ஒரே ஒரு சீட்தான். அது எதுவென்று உங்களுக்கே தெரியும். மேசையில் கிடந்த வான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தாய், இல்லையென்று சொல்லப் போகிறேன் என்று நினைத்து மகளின் கையைப் பிடித்தார்.

"இருக்கு" என்றேன். "முன்னுக்கு ஏறட்டும்."

இப்போது பின்னேர வகுப்பு முடிய மணி அடித்துவிட்டது. உங்களைத் தேடுது. நாளைக்கும் தேடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதினது போதும், எழும்ப வேண்டும். வாசலில் நாலு பிள்ளைகள் நிற்கிறார்கள்.