பூட்டாத சட்டையும் காபூல் பதக்கமும்

அம்பாலா முகாம்
மார்ச் 1882

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நீயும் உன் அப்பாவும் அவருடைய மூட்டுவலியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன் புருஷன் கொழுத்துவிட்டான். காபூல் சண்டையில் பட்டினி கிடந்தபோது உடம்போடு பிடித்துத் தைத்த நீலச் சட்டையை இப்போது பூட்ட முடியவில்லை.

பதக்க அணிவகுப்புக்கு முந்தின நாள் சார்ஜென்ட் மேஜர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏம்ப்பா அமோஸ், குதிரைக்கு வச்ச கொள்ள நீயே தின்னுட்டியா? பித்தான் பூட்டாதவன் வரிசையில நிக்கக் கூடாது. பதக்கத்த குமாஸ்தாகிட்ட வாங்கிக்க, போ."

சாணி அள்ளத்தான் நான் லாயக்கு என்ற உன் அப்பாவுக்கு, தளபதி கையால் வாங்கினேன் என்று எழுத வேண்டாமா? எங்கள் படையில் சேணம் தைக்கும் புல்லன் என்ற பையனிடம் ஓடினேன். அவன் சேண நூலால் பித்தான்களை இறுக்கித் தைத்தான். மறுநாள் காலையில் என் முதுகில் முழங்காலை ஊன்றிப் பூட்டியும் விட்டான்.

"இனிமே மூச்சு விட்டுடாத அண்ணே."

"எவ்வளவு நேரம்டா?"

"தளபதி போற வரைக்கும்."

ஒரு பித்தான்கூடத் தெறிக்கவில்லை. தளபதி கையாலேயே வாங்கிவிட்டேன். இந்த வரியை மட்டும் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. நீயே பின்னியதாக இருக்கட்டும். கடையில் வாங்கினால் அதில் உன் முடி ஒட்டியிருக்காது.

தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். களிம்பும் ஒரு டப்பி வை. சட்டைக்கும் எனக்கும் நடுவே இடம் இல்லாததால், தளபதி பதக்கத்தை இரண்டிலும் சேர்த்துக் குத்திவிட்டார். வரிசையில் அசையக் கூடாது என்பதால், நன்றி சொன்னேன்.

உன் அமோஸ்