மாபெலின் கடைசி இருபது பக்கங்கள்

மினசோட்டா,
மார்ச் 9

அன்புள்ள என்று எழுதப் பேனா மறுப்பதால், வெறும் ஐலிக்கு,

உன் சித்தப்பா ஆர்வோ எழுதுவது. உலகில் எவரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, ஒரு கையை பைபிள் மேலும் மறு கையைக் காபிக் குவளை மேலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீ நம்பாவிட்டால் எனக்கொன்றும் குறையப்போவதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. அவ்வளவு சூடு, தபால்காரர் இடுக்கியால் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பிரித்ததும் கூரையிலிருந்த மூன்று மாதப் பனி உருகிப் பக்கத்து வீட்டு நாயை அடித்துக்கொண்டு போய்விட்டது.

சின்ன வயதில் நான் உனக்குப் படித்துக் காட்டிய மாபெல் நாவலை, உன் மகளுக்குக் கொடுக்கப் புதிதாக வாங்கினாயாம். முப்பத்தொரு வருடம் கழித்து மறுபடி படித்தாயாம். மாபெலின் அப்பா திரும்பி வரவே இல்லையாம். அவள் படகுத்துறையில் காத்திருந்து பார்த்து, ஒருநாள் போதுமென்று படகை விற்றுவிட்டுப் படிக்கப் போகிறாளாம். "ஏரிப் பனி உடையற அன்னைக்கு அப்பா வந்தார்னு படிச்சுக் காட்டினீங்களே, அது எந்தப் புத்தகம் சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறாய்.

சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயது. உறைந்த ஏரியின் பனி மேல் நம் மீன்பிடிக் குடிசையில், தினம் ஓர் அத்தியாயம். கடைசி நாள், தூண்டில் போடப் பனியில் குடைந்த துளையிலிருந்து தேவாலயக் கதவு அகலத்தில் ஒரு மீன் எழும்பி, கடைசி இருபது பக்கங்களையும் கவ்விக்கொண்டு போயிற்று. போகும்போது என் மூக்குக் கண்ணாடியையும் கேட்டது. பிறகென்ன, மீதியை நான் என் வாயாலேயே முடித்தேன். எழுதியவரைவிட நன்றாகவே முடித்தேன்.

அந்த முடிவை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். ஒவ்வொரு குளிர்காலமும் நம் ஊரார் ஒரு ஓட்டைக் காரை ஏரிப் பனி மேல் நிறுத்தி, பனி உடைந்து அது என்றைக்கு மூழ்கும் என்று சீட்டில் தேதி எழுதிப் போடுவார்கள். ஊரே விளையாட்டாய் எழுதும். நீ மட்டும் ஏப்ரல் பிறந்ததும் தலைவாரிக்கொண்டு கரையில் போய் நிற்பாய். கார் மூழ்கினால் கப்பல் வேலைக்குப் போன உன் அப்பா வந்துவிடுவார் என்று கணக்கு. பதினொரு வசந்தம், பதினொரு கார். கடைக்கார ஹெல்மி என்னைப் பிடித்து, "யோவ் ஆர்வோ, அந்தப் புள்ளைகிட்ட உண்மையச் சொல்லித் தொலையேன். கார் முழுகுதோ இல்லையோ, அது முழுகிட்டிருக்கு" என்றாள். உன் ரொட்டி கருகுது, அதைப் பாரு என்றேன்.

இப்போது நீ, "மாபெல் காத்திருக்கறத நிறுத்தினா. என்னை நிறுத்தவே விடல நீங்க. பொய்க்காரர் நீங்க. இனிமே என் பொண்ணுகிட்ட ஒரு கதையும் சொல்ல வேண்டாம், என் வீட்டுக்கும் வர வேண்டாம்" என்று எழுதுகிறாய். பிரமாதம். இந்த நாக்கு உனக்கு எங்கிருந்து வந்தது? உன் அப்பனிடமிருந்தா? என் அண்ணன் ரெய்னோவுக்கு ஒரு தபால்தலை ஒட்டத் தெரியாது. அவனுக்குச் சேர வேண்டிய வசவை எனக்கு அனுப்பியிருக்கிறாய். விலாசம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனாலே. போகட்டும், எனக்கு வரும் கடிதங்களே குறைவு.

மீன் பொய். முதல் நாளே முடிவைப் படித்துவிட்டு, பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டவன் நான். உன் மகளுக்கு முழுப் புத்தகத்தையும் கொடு. ஒரு தாள்கூடக் குறைய வேண்டாம். அவள் நன்றாக இருக்கட்டும். நீயும்தான். நீ வா என்று எழுதும்வரை உன் வாசற்படி மிதிக்க மாட்டேன். என்றாவது எழுது.

இந்தப் புளுகில் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. நான் கிழித்த அன்று காலை ரெய்னோ துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். "பனி உடைஞ்சதும் வந்துடறேன்டா, ஐலிகிட்ட சொல்லிடு" என்றான். நான் நம்பினேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
ஆர்வோ