நீல சுப்ராவுக்குச் சீட்டு

ஜன. 25, ஞாயிறு

பனி. எட்டு மணிக்குத்தான் ஏரி தெரிந்தது. சென்னைக்காரர்கள் பூநாரை பார்க்க வருகிறார்கள். நான் அவர்கள் வந்த காரைப் பார்க்கிறேன். யாருக்கும் தெரியாது.

நைனாவோடு பைக்கில் பொன்னேரி. அனுப்பம்பட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது, நல்லவேளை. பக்கத்தில் வெள்ளை லான்சர் கார். உயரம் தாழ்த்தியது, சைலன்சர் மாற்றியது. கேட் திறந்தும் நைனா பைக்கை எடுக்கவில்லை. "மக்கர் பண்ணுதும்மா." கார் போனபிறகு ஒரே உதையில் கிளம்பியது.

திரும்பும்போது பழவேற்காடு பாலத்தில் நீல சுப்ரா கார்! போனில் படம் எடுத்தேன். பாதி காரின் பின்னிறக்கை, மீதி குறுக்கே வந்த ஆட்டோ.

ஜன. 28, புதன்

வாடைக்காற்று. இறால் குறைவு. நூலகத்துக் கார்ப் புத்தகம், மறுபடி அதே பக்கம்.

சுப்ராக்காரர் ஞாயிறன்று எங்கள் கோட்டைக்குப்பத்துக்கே வருகிறாராம், படகுகளோடு காரைப் படம் எடுக்க. ஊர் சம்மதித்தது. பதிலுக்கு எட்டுப் பேரை ஒவ்வொருவராகப் பாலம் வரை ஒரு சுற்று கூட்டிப்போவார். யார் அந்த எட்டு? ஏரியில் வலை போடும் முறைக்குப் பாடு என்று பேர்; அதைப் பிரிப்பது போலவே இதற்கும் சீட்டு. பாடு ஆண்களுக்கு மட்டும்.

எதிர்வீட்டுச் செல்வியக்கா: "நமக்கு எங்கடி பாடு? வா, இறால உரி."

உரித்தேன். விரல் முழுக்க முள். எனக்கும் ஒரு சீட்டு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிப். 1, ஞாயிறு

நல்ல வெயில். வேகத்தடைகளில் குறுக்காக ஏறி, அடி உரச உரச வந்தது சுப்ரா. ரோட்டில் கருவாடு காயப்போட்டிருந்தவர்கள் சாக்கை இழுத்து வழிவிட்டார்கள்.

சீட்டில் மூன்றாவது பேர் நைனா. கார் வரை போனார். திரும்பினார்.

"எம் பாட்டுல எம் பொண்ணு போவும்."

ஊர்த் தலைவர்: "பொம்பளைக்குப் பாடு இல்லியேப்பா."

"பாடு என்துதான். ஆளுதான் வேற. உனுக்கு ஜொரம்னா ஏரிக்கு மச்சான அனுப்பல நீ?"

"அவன் ஆம்பள."

"இன்னா, காருல வலையா இழுக்கப் போறா?"

ஒரே சிரிப்பு. தலைவரும் சிரித்துவிட்டார். செல்வியக்கா கத்தினார்: "ஏறுடி, இவனுங்க மாத்திப் பேசறதுக்குள்ள!"

சீட் கிட்டத்தட்டத் தரையில். பாலத்தில் சுப்ராக்காரர் கியர் மாற்றியபோது சத்தம் காதில் இல்லை, முதுகில். ஏரி நிறையப் பூநாரையாம். பார்க்கவில்லை.

மத்தியானம் சோறு, நண்டுக் குழம்பு. நைனா தட்டிலிருந்து நிமிராமல்: "அனுப்பம்பட்டுல பாத்தியே வெள்ள, அத்தவிட இது நல்லாகீதா?"