பட்டினி கிடக்காதீர்கள், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா? எனக்கு ஒன்றுமில்லை, நாள் முழுக்க நின்று வேலை செய்கிற அலுப்புதான்.

நேற்று ஆய்வுக்கூடத்தில், உடல் பருமன் சோதனைக்காக வளர்க்கும் ஒரு குண்டு எலி என் விரலைக் கடித்துவிட்டது. பயப்படாதீர்கள், சின்னக் கட்டுதான். கூட வேலை பார்க்கும் அக்கா, "கொழுப்பு ஏறின எலி கடிக்காம என்ன பண்ணும்?" என்று சிரித்தார்.

பாவம், தீனியைக் குறைத்தும் அதற்கு எடை இறங்கவே இல்லை. உடம்பு பருத்துவிட்டால், சேர்ந்த கொழுப்பை எரிக்கச் சொல்லும் ஒரு புரதம் உடம்புக்குள்ளேயே மந்தமாகிவிடுகிறது. வயிறு நிறைந்த சேதியும் மூளைக்குச் சரியாக எட்டுவதில்லை.

எடை குறைய "வாயைக் கட்டு" என்று அத்தை சொன்னதிலிருந்து நீங்கள் இரவில் சாப்பிடுவதே இல்லையாம். தலைசுற்றி விழுந்தீர்களாம், தம்பி சொன்னான். இது உங்கள் வாய் செய்த குற்றம் இல்லை அம்மா. டாக்டரைப் பாருங்கள், பட்டினி மட்டும் வேண்டாம்.

ஒரு உதவி. நான் இங்கே தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். இனி ராத்திரி தட்டை எடுத்து வைத்ததும் என்னைப் போனில் கூப்பிடுங்கள். நீங்கள் முதல் வாய் வைத்த பிறகுதான் நான் வைப்பேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்