படத்தின் பின்பக்கம்

ஜூன் 7, சனி

மழை. அடுகோடி சிக்னலில் ஒரு தமிழ்நாட்டு லாரி நின்றது. அதன் பின்னால் எழுதியிருந்ததை லாரி கிளம்புவதற்குள் முழுதாகப் படித்துவிட்டேன். போன மாதமெல்லாம் பாதி படிக்கும்போதே லாரி போய்விடும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்றவர் போனில் இருந்தார். அதனால் இங்கே எழுதுகிறேன்: "அவசரமா? நேத்தே கிளம்பியிருக்கலாமே."

இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மகன் ரகுவும் மருமகள் சௌம்யாவும் கன்னடப் பள்ளியில் படித்தவர்கள். பேத்தி தீபிகாவுக்கு மூன்று பாஷை எழுத வரும், தமிழ் பேச மட்டும்தான் வரும். என் நோட்டை எட்டிப் பார்த்து, "தாத்தா, என்னைத் திட்டி எழுதினாக்கூட எனக்குத் தெரியாதே" என்கிறாள். அதற்காகவே ஒரு வரி: தீபிகா இன்றும் பாலைக் குடிக்காமல் துளசிச் செடிக்கு ஊற்றினாள்.

ஜூன் 8, ஞாயிறு

தமிழ் மன்றத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் வீணா டீச்சர் கட்டுரை கொடுத்தார். தலைப்பு, என் சிறுவயது. மூன்று வாரத்தில் எழுதி, ஆண்டு விழாவில் படிக்க வேண்டும். பழைய படம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

ஆட்டோ ஓட்டும் ரங்கா கையைத் தூக்கினான். "டீச்சர், எனக்கு அப்டி ஒண்ணு இருந்த ஞாபகமே இல்ல. நேரா டிரைவராத்தான் பொறந்தேன்."

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான் சார். வயசு தானா ஏறும். ஆனா எது வரைக்கும் ஒருத்தர் குழந்தைன்னு சுத்தி இருக்கறவங்கதான முடிவு பண்றாங்க? சில வீட்டுல இருபது வயசுலயும் குழந்தை. சில வீட்டுல ஏழு வயசுலயே பெரிய ஆளு."

வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10

இரண்டு வரி வந்தது. "எனக்குச் சிறுவயது இல்லை. ஆறு வயதில் பேக்கரியில் சேர்ந்தேன்."

அந்த ஆறும் அக்கா சொல்லித்தான் தெரியும். ஆதாரில் எனக்கும் என் சம்பந்திக்கும் ஒரே பிறந்த நாள், ஜனவரி ஒன்று. எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாம் அதே தேதியைத்தான் போட்டுக் கொடுத்தார்கள்.

மேலே எழுதவில்லை. கை வலி இல்லை. எழுதினால் அக்காவைப் பற்றி எழுத வேண்டும்.

ஜூன் 12

எழுதித்தான் பார்க்கிறேன்.

அக்கா பெயர் சின்னத்தாயி. அத்திபெலேயில் மகள் வீட்டில் இருக்கிறாள். இங்கிருந்து ஒரே பஸ். பன்னிரண்டு வருஷமாக நான் போகவில்லை.

அம்மா காய்ச்சலில் செத்தபோது அப்பா எங்கோ போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மிச்சம் நாங்கள் இரண்டு பேர். அக்காதான் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து என்னை வளர்த்தாள். சேலை கட்டிய பெரிய மனுஷி. எப்போது நினைத்தாலும் அவள் முகத்தை அண்ணாந்து பார்ப்பது போலத்தான் நினைவு வருகிறது.

ஒரு நாள் என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். என்னை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். மறுநாள் பேக்கரியில் விட்டாள். பன் அடுக்கும் தட்டு என்னைவிட அகலம். ஏன் பள்ளியில் சேர்க்கவில்லை என்று அவள் சொன்னதே இல்லை.

ரகு கல்யாணத்தில் பதிவுப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தேன். சம்பந்தி வீட்டில் யாரோ சிரித்தார்கள். அந்தக் கோபத்தை அக்கா மேல் கொட்டினேன், எல்லார் முன்னாலும். "பெரியவளா லட்சணமா என்னை ஸ்கூல்ல சேர்த்திருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி? என் சின்ன வயச தின்னவ நீதான்" என்றேன். அவள் சாப்பிடாமலே போய்விட்டாள்.

இப்ப எழுதும்போதும் கோவம் வருது. பெரியவதானே? உனக்குத் தெரிய வேணாமா?

ஜூன் 15, ஞாயிறு

டீச்சரிடம் காட்டுவதற்காகச் சுவரில் இருந்த படத்தை இறக்கினேன். எங்கள் வீட்டில் இருக்கும் பழைய படம் அது ஒன்றுதான். நாற்காலியில் நான். பக்கத்தில் சேலையோடு அக்கா, என் தோளில் கை வைத்து நிற்கிறாள். சட்டம் பெரிதாக இருந்ததால் பைக்குள் நுழையவில்லை. ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை எடுத்துப் படத்தை மட்டும் உருவினேன்.

பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. தமிழ். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

முனிகிருஷ்ணன் வயது 6
சின்னத்தாயி வயது 10

பத்தா?

மறுபடி படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். பத்துதான்.

படத்தைத் திருப்பினேன். தினமும் பார்த்த படம்தான். இன்றுதான் கண்ணில் பட்டது: அக்காவின் சேலைக் கரைக்குக் கீழே இரண்டு மரக்கால்கள். அவள் முக்காலி மேல் நிற்கிறாள்.

சாயங்காலம் தீபிகா டான்ஸ் கிளாஸ் முடிந்து வந்தாள். உனக்கு என்ன வயது என்று கேட்டேன்.

"பத்து தாத்தா. நேத்தும் பத்துதான்."

சௌம்யா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். ஓசூர் ரோட்டைத் தனியாகக் கடக்கக் கூடாது என்று நூறாவது தடவை சொன்னாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் சாப்பிட முடியவில்லை.

ஜூன் 16

பத்து வயசுப் பிள்ளையப் பாத்தா நான் அப்படிக் கேட்டேன்?

ஜூன் 18

சௌம்யாவிடம் படத்தின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். படத்தை வாங்கி அந்த முக்காலியைப் பார்த்தாள். பிறகு, "போய்ட்டு வாங்க மாமா. அத்திபெலே என்ன அமெரிக்காவா?" என்றாள்.

தூரம் ஒன்றும் இல்லைதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

ஜூன் 21, சனி

போய் வந்தேன். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், எத்தனை நேரம் ஆனாலும்.

அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரொம்பச் சின்ன உருவமாகிவிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வழி தெரிஞ்சுதா?"

"கண்டக்டர கேட்டேன்."

"படிக்கக் கத்துக்கிட்டேன்னு ரகு சொன்னான்?"

"போர்டெல்லாம் கன்னடம் அக்கா. எனக்குத் தமிழ்தான் வரும்."

"அப்ப என்னத்தப் படிச்ச, போ" என்று மறுபடி கீரையை எடுத்தாள்.

படத்தை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். "இதப் படிச்சேன்."

அவள் கை நின்றுவிட்டது. விரலால் அந்த எழுத்தைத் தொட்டாள்.

"என் எழுத்துடா இது."

"உனக்கு எழுத வருமா?"

"நாலாங்கிளாஸ் படிச்சுட்டிருந்தேன். அம்மா போனதும் நின்னுட்டேன்."

நான் படியில் உட்கார்ந்தேன். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா சேலய நாலா மடிச்சு சுத்திக்கிட்டேன். கேட்டவங்களுக்கெல்லாம் பதினாறுன்னேன். வாடகை வாங்கற வீட்டுக்காரரு நம்பினாரு. பாத்திரம் தேய்ச்ச வீட்டம்மாங்க நம்பினாங்க. நெசமாவே நம்பினாங்களோ என்னமோ. நான் பெரியவளா இருந்தாத்தான அவங்களுக்கும் வசதி? தருமபுரி மாமன் உன்ன ஒரு எடம், என்ன ஒரு எடம்னு பிரிச்சு விடறேன்னு கடுதாசி போட்டாரு. நானே பாத்துக்குவேன்னு அவருக்குக் காட்டத்தான் இந்தப் படம். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு நமக்கு. முக்காலி ஸ்டுடியோக்காரரு போட்டது."

"அப்ப ஸ்கூல்?"

"அங்கயும் அதே சேலதான். பெரிய வாத்தியாரு என்னப் பாத்து சிரிச்சாரு. வீட்ல பெரியவங்க யாரயாச்சும் கூட்டிட்டு வா பாப்பான்னாரு. ஊரெல்லாம் என்னப் பெரியவளாக்கிருச்சு, அந்தாளு ஒருத்தருக்கு மட்டும் நான் பாப்பாவாத் தெரிஞ்சேன். யாரப் போயி கூட்டிட்டு வருவேன், சொல்லு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ நம்பணுமில்ல, வீட்ல ஒரு பெரியவ இருக்கான்னு. இல்லன்னா பயந்துட்டு அழுவ."

பின்னால் ஏன் எழுதினாய் என்று கேட்டேன்.

"அத்தன பேருகிட்டயும் பொய் சொல்லியாச்சு. ஒரு எடத்துலயாச்சும் நெசம் இருக்கட்டும்னு."

சொல்ல வந்ததைச் சொன்னேன். "கல்யாணத்துல நான் பேசினது தப்பு அக்கா."

"தப்புதான்" என்றாள். கீரைக் காம்புகளை ஒதுக்கினாள். "அன்னிக்குப் பந்தியில என்ன போட்டாங்க?" என்றாள்.

"பூசணிக்கா சாம்பார், வடை. அப்புறம் போளி, நெய் விட்டு."

"போளியா?" என்றாள். பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் முகத்தில் தெரிந்த வருத்தத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜூன் 22

வகுப்புக்குப் போகவில்லை. கை வலி. சந்தோஷமான வலி.

ஜூன் 29, ஞாயிறு

ஆண்டு விழா. முதல் வரியை அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தேன். மைக் முன்னால் நின்று விரல் வைத்துப் படித்தேன்.

"எனக்குச் சிறுவயது இருந்தது. ஒரு முக்காலி மேல் ஏறி நின்று அதை எனக்கு எடுத்துக் கொடுத்தவளுக்கு வயது பத்து."

ரங்கா விசில் அடித்தான். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் ரகு போய் அழைத்துவந்தான். கீழே இறங்கியதும், "ரொம்ப மெதுவாப் படிக்கிற" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

அக்கா இங்கே வந்து ஐந்து நாள். சௌம்யா போளி செய்தாள். அக்கா நாலு சாப்பிட்டாள். அவளைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை என்று சௌம்யா கண்டிப்பாக இருக்கிறாள். முதல் நாள் அக்காவுக்குக் கை சும்மா இருக்கத் தெரியவில்லை. மடித்த துணியையே மறுபடி மடித்தாள். பிறகு தீபிகா லூடோ அட்டையைக் கொண்டுவந்து விரித்தாள். நேற்று தோற்றுப்போய் அக்கா அரை மணி நேரம் யாரிடமும் பேசவில்லை.

இன்று தீபிகா தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அக்கா தன் சிவப்புக் காயை நாலு கட்டம் முன்னால் நகர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன்.

தீபிகா திரும்பி வந்து அட்டையை உற்றுப் பார்த்தாள்.

"ஆயா, இது இங்கயா இருந்துச்சு?"

"இங்கதான்."

"தாத்தா, நீங்க பாத்துட்டுதான இருந்தீங்க? உண்மையச் சொல்லுங்க."

"அங்கதாம்மா இருந்துச்சு" என்றேன்.