காரின் பின்னிருக்கை

வட்டுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் கலாவுக்கு,

நானும் ஆரபியும் சுகம். நீரும் சுகம் என்று உமது ஆஸ்பத்திரிக் கோபிசங்கர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஆனால் மெலிந்துவிட்டீராம். தொலைபேசியில் எதைத் தொடங்கினாலும் "விடுங்கோவன்" என்று பேச்சை மாற்றிவிடுவீர். அதனால்தான் எழுதி, லண்டனுக்குத் திரும்பும் அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இராசமலர் அக்கா இடித்துத் தந்த மிளகாய்த்தூளும் இருக்கிறது.

கிணற்று மோட்டர் மறுபடியும் படுத்துவிட்டது. ஆரபிக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. அம்மா டொக்டர்தானே, அம்மா வந்துதான் கழற்ற வேண்டும் என்று ஒருவரையும் தொட விடுகிறாள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கோபி கொழும்பு மாநாட்டை முடித்துவிட்டு நேற்று இங்கே வந்து சாப்பிட்டு, இரவு தங்கினான். சத்திரசிகிச்சைக் கருவி செய்கிற கம்பனிதான் அவனுக்கு விமான ரிக்கெற், ஹோட்டல், பேசியதற்குப் பணம் எல்லாம் கொடுத்ததாம். வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் உங்கள் சிகிச்சையைப் பற்றித்தான் பேசினானாம். "கலாக்காதானே எனக்குப் பழக்கினவ" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

பழக்கியவரை விட்டுவிட்டு உன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்டுவிட்டேன். பாவம், அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உவையள் கூடுதலா ஆம்பிளையளைத்தான் கூப்பிடுறவை, அண்ணை. பொம்பிளையளைக் கூப்பிட்டாலும் காசு குறைச்சுத்தான் குடுப்பினம்" என்றான். உமது பெயரும் கதைபட்டதாம். உமக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது, பயணம் கஷ்டம் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்களாம். உம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளை இருக்கிறதுதான், கலா. இங்கே வட்டுக்கோட்டையில் அல்லவா இருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுக்குச் சொதி ஊற்றவும் மறந்துபோனேன். ஆனால் அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பிள்ளை, மறைக்காமல் சொன்னான்.

அம்மாவின் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருகிறது என்று ஆரபியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் அதை எப்படி விளங்கிக்கொண்டாளோ தெரியாது. கோபி இறங்கிய பிறகும் காரின் பின்கதவை மூட விடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஆள் இறங்கேல்லை" என்று டிரைவருக்குச் சொன்னாள். நான் மோட்டரைப் பார்க்கிறவன் போலக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

உமக்கு லீவு கிடைக்காது என்பது தெரியும். மாநாடு என்றால் அதுவும் வேலைக் கணக்கில் வந்திருக்கும், ஒரு கிழமையாவது எங்களோடு நின்றிருப்பீர். எனக்கு உம்மைப் பார்க்க வேண்டும். இதை வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

தை மாதம் கொழும்பில் இன்னொரு கூட்டம் இருக்கிறதாம். கம்பனிக்காரர் உங்கள் ஒப்பரேஷன் தியேட்டர் வாசலுக்கு வரும்போது கூச்சப்படாமல் கேளும். தானும் பக்கத்தில் நின்று சொல்லுவதாகச் சொல்கிறான் கோபி. அவனுக்குக் கொடுத்ததில் ஒரு சதமும் குறையாமல் கேளும். பயணம் கஷ்டமா என்று அவர்கள் இழுத்தால், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பற்றிச் சொல்லும்.

நகுலேசுவரர் உமக்குத் துணை நிற்கட்டும். வழக்கம்போல "அடுத்த முறை பாப்பம்" என்று மட்டும் சொல்லாதேயும். அந்தப் பல் தை மாதம் வரை நின்றாலே பெரிய காரியம்.

வழி பார்த்திருக்கும்,
சுபாஸ்கரன்.